போக்ஸ் கம்பி உடையுது, வீல் கோட்டம் ஆகுது: ஏற்காடு ஏறுறதுக்கு முன்னாடி என்னென்ன பாக்கணும்

சேலத்துல ஞாயித்துக்கிழமை காலைல அஸ்தம்பட்டி தாண்டி அடிவாரம் பக்கம் போனீங்கன்னா கியர் சைக்கிள், மவுண்டன் சைக்கிள், அப்பாவோட பழைய 28 இன்ச் வண்டின்னு எல்லாமே மலை ஏறிட்டு இருக்கும், அதுல நெறைய பேருக்கு வர்ற பிரச்சனை இந்த போக்ஸ் கம்பி தான். ஒரு கம்பி உடையும், கடைல மாத்திட்டு வருவாங்க, அடுத்த மாசம் பக்கத்து கம்பி உடையும், திரும்ப மாத்துவாங்க, கடைசில "இந்த வீலே ராசி இல்ல"ன்னு வண்டிய ஓரமா நிறுத்திடுவாங்க. ராசி எல்லாம் ஒண்ணும் இல்லீங்க. டைட்டா இருந்ததால உடைஞ்சுதுன்னு நெனைக்கிறோம்ல, பெரும்பாலும் தளர்வா இருந்ததால தான் உடையுது. இத மட்டும் மனசுல வெச்சுக்கிட்டு கீழ இருக்கறத படிங்க.

எப்படின்னா, வண்டில நீங்க உக்காந்ததும் வெயிட்ட தாங்குற நேரத்துல ஹப்புக்கு (வீல் நடுவுல இருக்குற உருளை) கீழ தரைக்கு நேரா இருக்குற கம்பிகளோட இழுவை கொஞ்சம் கொறையும், வீல் சுத்தி அந்த கம்பி மேல போனதும் பழைய இழுவை திரும்ப வந்துரும். ஒரு சுத்துக்கு ஒரு தடவை எறங்கி ஏறும். 28 இன்ச் வீல் ஒரு சுத்துக்கு 2.1 மீட்டர் சொச்சம் போகும், டவுன்ல இருந்து ஏற்காடு 30 கிலோமீட்டர்னு வெச்சா கூட ஒவ்வொரு கம்பியும் ஏறி முடிக்கிறதுக்குள்ள 14 ஆயிரம் தடவை தளர்ந்து டைட் ஆகுது. கம்பி நல்லா இழுத்துக் கட்டியிருந்தா இந்த ஏற்ற இறக்கத்துல அதுக்கு ஒண்ணும் ஆகாது. லூசா இருந்தா ஒவ்வொரு சுத்துலயும் முழுசா தொய்ஞ்சு போய் திரும்ப வெடுக்குன்னு இழுபடும், வளைஞ்ச இடத்துல விரிசல் விழும், ஒரு நாள் டிங்குன்னு போயிரும்.

கையில என்ன வேணும்னா, உங்க நிப்பிளுக்கு (கம்பி முனைய ரிம்முல பிடிக்கிற குட்டி நட்டு) சரியா உக்கார்ற சாவி (3.2 மில்லில இருந்து 4 மில்லி வரைக்கும் பல சைஸ் இருக்கு, பல ஓட்டை இருக்குற வட்ட சாவி வாங்குறத விட சரியான சைஸ் ஒத்த சாவி நல்லது), ஒரு ஸ்குரூ டிரைவர், ரெண்டு ஜிப் டை, கொஞ்சம் ஆயில், ஒரு சாக்பீஸ். ஸ்டாண்டு வேணும்னு இல்ல, வண்டிய தலைகீழா நிறுத்தினா போதும். ஜிப் டைய ஃபோர்க்குல கட்டி வாலை ரிம்ம தொடுற மாதிரி வெட்டிட்டா அது தான் உங்க அளவுகோல், டிஸ்க் பிரேக் வண்டிக்கு இதான் வழி, பிரேக் கட்டை இருக்குற வண்டில கட்டையே போதும்.

இன்னொண்ணு, எந்தப் பக்கம் திருப்புனா டைட்டுங்கறதுல எல்லாருமே குழம்புறாங்க. டயர் பக்கத்துல இருந்து நிப்பிளோட தலைய பாக்குற மாதிரி நெனைச்சுக்குங்க, ஸ்குரூ மாதிரி தான், கடிகார முள் போற பக்கம் டைட்டு. ஹப்பு பக்கத்துல இருந்து குனிஞ்சு பாத்தா அதே திருப்பு எதிர்ப்பக்கமா தெரியும். சாவிய மாட்டுறதுக்கு முன்னாடி தினமும் ஒரு தடவை இத நெனைச்சுக்கறது நல்லது, தப்பா திருப்பி கால் மணி நேரம் வேலை செஞ்சா கோட்டம் ரெண்டு மடங்காயிரும்.

"டிங்"னு சத்தம் வந்துச்சு, அப்புறம் வீல் ஆடுது

கம்பி ஒண்ணு போயிருச்சு. உடனே நிறுத்துங்க. உடைஞ்ச கம்பிய தூக்கி எறியாதீங்க, அது எங்க உடைஞ்சிருக்குன்னு பாக்கணும், அதுல தான் விஷயமே இருக்கு.

ஹப்பு கிட்ட வளைஞ்ச இடத்துல, அதாவது கொண்டைக்கு பக்கத்துல உடைஞ்சிருந்தா அது களைப்பு. உடைஞ்ச முகத்த வெளிச்சத்துல பாருங்க, ஒரு பகுதி கறுத்து மழுங்கலா இருக்கும், அது ரொம்ப நாளா வளந்த விரிசல், மீதி பளபளன்னு இருக்கும், அது இன்னைக்கு உடைஞ்சது. இப்படி இருந்தா இந்த கம்பி மட்டும் இல்ல, பக்கத்துல இருக்கறதும் அதே வயசு அதே கஷ்டம் பட்டது தான். நிப்பிள் பக்கம், மரையில உடைஞ்சிருந்தா ஒண்ணு கம்பி நீளம் பத்தல, இல்லைன்னா நிப்பிள் ரிம்முல இருந்து கெளம்புற கோணமும் கம்பி போற கோணமும் ஒத்து வரல, கம்பி அங்கயே ஒடிஞ்சு திரும்புது. நடுவுல உடைஞ்சிருந்தா வெளில இருந்து அடி, குச்சி பூந்தது, சைக்கிள் ஸ்டாண்டுல இன்னொரு வண்டி மேல சாஞ்சது, இல்ல செயின் கழண்டு பெரிய பல்லுக்கும் கம்பிக்கும் நடுவுல விழுந்து அறுத்தது. பின்வீல் வலப்பக்கம் கம்பிகள்ல வரிசையா கீறல் இருந்தா செயின் தான் காரணம், கம்பிய மாத்துறதோட நிறுத்தாம டெரெயிலர் (செயின பல்லு மாத்தி விடுற கியர் பாகம்) லிமிட் ஸ்குரூவ சரி பண்ணுங்க, இல்லைன்னா புது கம்பியும் அதே கதி தான்.

நடு ரோட்டுல என்ன பண்றது? 36 கம்பி வீல்ல ஒண்ணு போச்சுன்னா வீடு போய் சேரலாம். தொங்குற கம்பிய கழட்டிருங்க, முடியலைன்னா பக்கத்து கம்பில சுத்தி விடுங்க. ரிம்மு உடைஞ்ச கம்பிக்கு எதிர்ப்பக்கம் இழுபட்டிருக்கும், அதனால ரெண்டு பக்கத்துலயும் அண்டைல இருக்குற எதிர்ப்பக்க கம்பிகள அரை சுத்து அரை சுத்தா தளர்த்துனா ரிம்மு நடுவுக்கு வரும். 20 கம்பி, 24 கம்பி வீல்ல இந்த வேலை சரிப்படாது, ஒண்ணு போனாலே ரிம்மு ஃபிரேம்ல உரசும்.

ஆனா ஏற்காட்டுல மேல இருக்கும்போது உடைஞ்சா வேற கணக்கு. கீழ இறங்குறதுக்கு 20 கொண்டை ஊசி வளைவு, ரிம்மு ஆடுதுன்னு பிரேக்க அகட்டி விட்டா வளைவுல பிடி கிடைக்காது, அகட்டாம விட்டா கட்டைல உரசி உரசி இழுக்கும். முன்வீல் கம்பி உடைஞ்சா ஓட்டிட்டு இறங்கவே வேண்டாங்க, பஸ்லயோ காலியா இறங்குற டெம்போலயோ ஏத்தி விட்டுருங்க. பின்வீல்னா, ரோடு காஞ்சிருந்து, ரிம்மு கட்டைல படாம இருந்தா மெதுவா இறங்கலாம், எடைய முன்னாடி கொஞ்சம் தள்ளி உக்காந்து, குழில இறக்காம.

வீட்டுக்கு வந்து மாத்துறது. கொண்டை கிட்ட உடைஞ்சு நிப்பிள் நல்லா இருந்தா டயர் கழட்டவே தேவையில்ல, அதே நீளம் அதே கேஜ் கம்பிய ஹப்பு ஓட்டைல விட்டு பழைய நிப்பிள்லயே மாட்டலாம். கம்பி ஹப்புல உள்ள இருந்து வெளிய வருதா, வெளிய இருந்து உள்ள போகுதான்னு பாருங்க, ரிம்முல நாலு ஓட்டை தள்ளி இருக்குற கம்பி இதே மாதிரி ஆளு தான், அது எந்த கம்பிக்கு மேல எந்த கம்பிக்கு கீழ போகுதோ அப்படியே இதும் போகணும். லேசா வளைச்சா போகும், பயப்படாதீங்க, ஆனா மடிப்பு விழுற அளவுக்கு வளைக்காதீங்க.

பின்வீல் வலப்பக்கம்னா ப்ரீவீல (ஹப்புல மரை போட்டு ஏறியிருக்குற பல்லு சக்கரம்) கழட்டாம கம்பி ஏறாது. ப்ரீவீல் ரிமூவர் ஒவ்வொரு மாடலுக்கும் ஒவ்வொண்ணு, ரெண்டு காடி, நாலு காடி, உள்ள பல்லு வெச்சதுன்னு இருக்கு, உங்களுதுக்கு சரியானத கொண்டு போய் வைஸ்ல பிடிச்சு வீல எதிர்ப்பக்கம் சுத்தணும், மலை ஏறின வண்டில ரொம்ப இறுகி இருக்கும். கேசட்டா (மரை இல்லாம சொருகி லாக் ரிங்ல பிடிக்கிற பல்லு சக்கரம்) இருந்தா, பல்ல சுத்தாம பிடிக்கிற செயின் விப்பும் லாக் ரிங் டூலும் வேணும். இது ரெண்டும் இல்லைன்னா கடைக்கு போறது தான் நல்லது.

கம்பி எல்லாம் முழுசா இருக்கு, ஆனா ரிம்மு பிரேக்ல உரசுது

சாவிய எடுக்காதீங்க இன்னும். முதல்ல வீல பக்கவாட்டுல பிடிச்சு ஆட்டிப் பாருங்க. டக் டக்குன்னு ஆடுச்சுன்னா அது கோன் லூசு, பால்ரஸ் தேஞ்சிருக்கு, கம்பில கைய வெச்சா இருக்குற நல்ல வீலையும் கெடுத்துருவீங்க. அடுத்து வீல் ஃபோர்க்குல நேரா உக்காந்திருக்கான்னு பாருங்க, நட்ட லூஸ் பண்ணி தரைல வண்டிய அமுக்கி திரும்ப டைட் பண்ணா பாதி உரசல் போயிரும். அதுக்கப்புறம் கம்பி எல்லாத்தையும் ஒவ்வொண்ணா கையால தொட்டுட்டு வாங்க, லூசா ஒண்ணு ரெண்டு சிக்கும், அது இருக்குற இடமும் கோட்டம் இருக்குற இடமும் ஒண்ணா இருந்தா வேலை அஞ்சு நிமிஷம்.

கோட்டம் எடுக்குறது இப்படி: ரிம்மு இடப்பக்கம் போயி உரசுதுன்னா அந்த இடத்துல வலப்பக்க கம்பிய கால் சுத்து டைட், இடப்பக்க கம்பிய கால் சுத்து லூசு. வலப்பக்கம் போனா தலைகீழ். சாக்பீஸ ரிம்முக்கு பக்கத்துல வெச்சுக்கிட்டு வீல சுத்தினா எங்க தொடுதோ அங்க கோடு விழும், அந்தக் கோட்டோட நடுவுல கால் சுத்து, ஓரத்துல அதுல பாதி. ஒரு இடத்துலயே நின்னு ரெண்டு மூணு சுத்து திருப்பாதீங்க, பெரிய கோட்டத்த பல ரவுண்டுல கொஞ்சம் கொஞ்சமா எடுங்க. அரை மில்லிக்குள்ள வந்தா அருமை, ஒரு மில்லி இருந்தா கூட ஓட்டுறதுக்கு ஒண்ணும் தெரியாது.

சில பேர் டைட் மட்டும் பண்ணிட்டே போவாங்க, லூசு பண்ணவே மாட்டாங்க. அப்படி செஞ்சா அந்த இடம் ஹப்ப நோக்கி இழுபட்டு பள்ளமாயிரும்.

வீல் மேல கீழ குதிக்குது

முதல்ல டயர். காத்த எறக்கிட்டு டயரோட ஓரம் ரிம்முல எல்லா இடத்துலயும் சமமா உக்காந்திருக்கான்னு பாருங்க, டயர் ஓரத்துக்கு பக்கத்துல ஒரு கோடு ஓடும், அது ரிம்முக்கு மேல ஒரே அளவுல தெரியணும். பல குதிப்பு இங்கயே தீந்துரும். ரிம்மு தான்னா, மேடா இருக்குற இடத்துல ரெண்டு பக்கக் கம்பியையும் ஜோடியா அரை சுத்து டைட், பள்ளமா இருக்குற இடத்துல ஜோடியா லூசு. இத முதல்ல எடுத்துட்டு அப்புறம் பக்கவாட்டுக்கு போங்க. குழில அடிச்சு ரிம்மு ஓரமே நசுங்கியிருந்தா கம்பியால வராது, அது ரிம்மு மாத்துற கேசு.

ஒரே பக்கம் கம்பி திரும்பத் திரும்ப உடையுது

இது தான் முக்கியம், இதுக்காகவே தான் இவ்வளவும் எழுதுறேன். கியர் வண்டில பின்வீல்ல வலப்பக்கம் பல்லு சக்கரங்களுக்கு இடம் விடணும்ங்கறதால ஹப்போட வலப்பக்க தட்டு நடுவுக்கு கிட்ட வந்திருக்கும். ரிம்மு நடுவுல நிக்கணும்னா வலப்பக்க கம்பிகள் ரொம்ப டைட்டா இருந்தாகணும், இடப்பக்கம் அதுல பாதியோ அதுக்கு கொஞ்சம் கூடவோ தான் இருக்க முடியும். நல்லா கட்டின வீல்ல வலப்பக்கம் 100ல இருந்து 120 கிலோ இழுவை வரைக்கும் இருக்கும், அப்ப இடப்பக்கம் 60 கிட்ட நிக்கும், அது போதும். ஃபேக்டரில மெஷின் கட்டி அவசரமா வந்த வீல்ல வலப்பக்கமே 60, 70 தான்னா இடப்பக்கம் என்ன மிஞ்சும், 30, 40. அத வெச்சுக்கிட்டு கொண்டை ஊசில எந்திரிச்சு நின்னு பெரிய பல்லுல மிதிச்சா, முன்னாடி சாஞ்சு போற கம்பிகள் எல்லாம் முழுசா தொய்ஞ்சுரும். ஒவ்வொரு மிதிக்கும்.

இப்படிப்பட்ட வீல்ல உடைஞ்ச ஒண்ண மட்டும் மாத்தி கோட்டம் எடுத்துக் கொடுத்தா அந்த நோய் அப்படியே தான் இருக்கும். ஒண்ணு உடைஞ்சா மாத்துங்க. ரெண்டாவது கொண்டைல உடைஞ்சா யோசிங்க. மூணாவதும் கொண்டைல தான்னா அந்தப் பக்கம் முழுசும், முடிஞ்சா ரெண்டு பக்கமும் புது கம்பி போட்டு வீல திரும்பக் கட்டுங்க, ஹப்பும் ரிம்மும் நல்லா இருந்தா அதையே வெச்சுக்கலாம். கம்பி விலை வீல் விலைல சின்ன பங்கு தான்.

மூட்டை ஏத்துற வண்டிக்கும் இதே கதை தான். லீ பஜார் பக்கமும் அம்மாபேட்டை தறிக்காரங்க கிட்டயும் இன்னும் ஓடுற பழைய 28 இன்ச் வண்டிகள பாருங்க, முன்னாடி 32 கம்பி, பின்னாடி 40 கம்பி. எடை பின்னாடி தான் விழும்னு தெரிஞ்சு அன்னைக்கே அப்படி வெச்சிருக்காங்க, ப்ரீவீலும் ஒத்தப் பல்லுங்கறதால ரெண்டு பக்கமும் இழுவை கிட்டத்தட்ட சமமா நிக்கும். அந்த வீல் அடி வாங்கினாலும் கம்பி லேசுல உடையாது. பள்ளிக்கூடத்துல பசங்களுக்கு அரசு கொடுக்குற சைக்கிளும் ஒத்தப் பல்லு தான், அதுல கம்பி போறதுக்கு பெரும்பாலும் வாங்கினதுல இருந்து யாரும் ஒரு தடவை கூட கம்பிய டைட் பாக்காதது தான் காரணம். தங்கச்சி பசங்க, அக்கா பசங்க ஓட்டிட்டு இருந்தா ஒரு சாயங்காலம் உக்காந்து பாத்துக் கொடுங்க, ப்ளஸ் டூ முடிக்கிற வரைக்கும் ஓடும்.

ஏத்தத்துல மிதிச்சா கடக் கடக்குன்னு சத்தம்

மிதிக்கிறத நிறுத்திட்டு உருட்டி விட்டுப் பாருங்க. அப்பயும் வீல் சுத்துக்கு ஒண்ணா சத்தம் வந்தா வீல் தான். மிதிச்சா மட்டும் வந்தா பெடல், கிராங்க், சீட் எல்லாத்தையும் சந்தேகப்படலாம், ஆனா கம்பியும் அப்படி சத்தம் போடும், ஒண்ண ஒண்ணு தாண்டுற இடத்துல உரசி. தாண்டுற இடத்துக்கெல்லாம் ஒரு சொட்டு ஆயில் விட்டு துடைச்சுட்டு ஓட்டிப் பாருங்க. சத்தம் நின்னா கண்டுபிடிச்சாச்சு, ஆனா சத்தம் நின்னதால வேலை முடியல, இவ்வளவு உரசுதுன்னா கம்பிகள் லூசுன்னு அர்த்தம், மேல சொன்னது மாதிரி டைட் பாக்கணும்.

டைட் பாக்குறதுக்கு மீட்டர் இல்லைன்னா காது இருக்கு. வீல் முழுக்க ஒரே பக்கத்துக் கம்பிகள நகத்தால மீட்டிட்டே வாங்க, கிட்டத்தட்ட ஒரே சுருதி வரணும். பின்வீல்ல வலமும் இடமும் ஒரே சுருதில இருக்காது, இருக்கவும் கூடாது, வலம் மேல இருக்கும். ஒரு கம்பி மட்டும் பொத்துன்னு சத்தம் போட்டா அது லூசு. நல்லா ஓடுற நண்பர் வண்டி பக்கத்துல இருந்தா அதே அளவு வீல மீட்டி ஒப்பிடுங்க.

நிப்பிள் திரும்பல, இல்ல வட்டமா தேஞ்சு போச்சு

ஏற்காட்டு பனிலயும் மழைலயும் நனைஞ்சு, வீட்டுக்கு வந்து அப்படியே நிறுத்தின வண்டிகள்ல இது சகஜம். டபிள்யூடி-40 மாதிரி ஊடுருவுற ஆயில நிப்பிள் ரெண்டு முனையிலயும் விட்டு ராத்திரி முழுக்க விடுங்க. காலைல முதல்ல டைட் பக்கம் கொஞ்சூண்டு, அப்புறம் லூசு பக்கம். கம்பியும் சேந்து சுத்துதான்னு பாருங்க, நிப்பிள் திரும்புற மாதிரி இருக்கும் ஆனா கம்பி முறுக்கிக்கிட்டு இருக்கும், பிளையர்ல துணி சுத்தி கம்பிய பிடிச்சுக்கிட்டு திருப்புங்க. முனை தேஞ்சு போனதுக்கு டயர், டியூப், ரிம் டேப் கழட்டி பின்னாடி காடில ஸ்குரூ டிரைவர் போடலாம். அதுக்கும் அசையலைன்னா அந்த ஒரு கம்பிய வெட்டிருங்க. வெட்டும்போது கண்ணுக்கு கண்ணாடி போடுங்க, இழுவைல இருக்குற கம்பி தெறிக்கும்.

நாலஞ்சு நிப்பிளுக்கு மேல இப்படி இருந்தா மல்லுக்கட்டாதீங்க, மொத்தமா மாத்துறது தான் நிம்மதி.

கோட்டம் எடுத்த மறுநாளே திரும்ப கோட்டம்

கடையில வேலை சரியில்லன்னு உடனே சண்டைக்கு போக வேண்டாம், ஆனா இது வேலைல விட்டுப்போன ஒரு விஷயம் தான். நிப்பிள திருப்பும்போது கம்பியும் கொஞ்சம் முறுக்கும். ஓட்ட ஆரம்பிச்சதும் கம்பியோட இழுவை கொறையுற நேரத்துல அந்த முறுக்கு பிரியும், அப்ப டிக் டிக்னு சத்தம் கேக்கும், கோட்டம் திரும்ப வரும். அதனால கால் சுத்து வேணும்னா இன்னும் கொஞ்சம் கூட திருப்பிட்டு அந்த கொஞ்சத்த பின்னாடி விடணும். அப்புறம் ரெண்டு கைலயும் பக்கத்து பக்கத்துல இணையா போற கம்பி ஜோடிகள பிடிச்சு நல்லா இறுக்கி அமுக்கணும், கையுறை போட்டு, வீல் முழுக்க, அழுத்தமா. இது முறுக்க எடுக்குறதுக்கு மட்டும் இல்ல, கொண்டை ஹப்பு ஓட்டைல ஒழுங்கா படியும், வளைஞ்ச இடத்துல கம்பி செய்யும்போதே தங்கின அழுத்தமும் எறங்கும். இத செஞ்ச வீலுக்கும் செய்யாத வீலுக்கும் கம்பி ஆயுள்ல பெரிய வித்தியாசம் இருக்கு. அமுக்கினதுக்கப்புறம் கோட்டம் பாத்து, திரும்ப அமுக்கி, திரும்ப பாத்து, மாறாம நின்னா தான் முடிஞ்சுதுன்னு அர்த்தம்.

முள்ளு இல்ல, ஆணி இல்ல, டியூப் உள்பக்கமா பஞ்சர் ஆகுது

டியூப்ல ஓட்டை ரிம்மு பக்கம் இருந்தா கம்பி முனை நிப்பிள தாண்டி நீட்டிட்டு இருக்கும், இல்ல ரிம் டேப் நகந்திருக்கும். நீட்டுறத அரத்துல ராவி டேப் மாத்துங்க. அடுத்த தடவை 2 மில்லி கொறஞ்ச கம்பி வாங்குங்க.

வீல் அப்பளம் ஆயிருச்சு

விழுந்து ரிம்மு ரெண்டு பக்கமும் நெளிஞ்சு போச்சுன்னா, சில பேர் தரைல வெச்சு மிதிச்சு நேராக்குவாங்க. வீடு போய் சேர்ற அளவுக்கு அது உதவும். ஆனா கம்பியால இழுத்துப் பிடிச்சு வெச்ச ரிம்முல ஒரு பக்கக் கம்பி சாகுற அளவுக்கு டைட்டும் மறுபக்கம் தொளதொளன்னும் இருக்கும், அத வெச்சு மலை இறங்கக் கூடாது. கம்பி எல்லாத்தையும் தளர்த்தி ரிம்ம தனியா கண்ணாடி மேல இல்ல சமமான கல்லு மேல வெச்சுப் பாருங்க, நேரா படுத்தா திரும்பக் கட்டலாம், ஆடுச்சுன்னா புது ரிம்மு. நிப்பிள் ஓட்டைய சுத்தி மயிரிழை விரிசல் இருந்தாலும் புது ரிம்மு. பிரேக் கட்டை படுற சுவரு உள்வாங்கி குழிஞ்சிருந்தாலும் அப்படித்தான், ஏற்காட்டு இறக்கத்துல பிரேக்க பிடிச்சே இறங்குறவங்க ரிம்மு சீக்கிரம் தேயும், விரலால தடவினாலே தெரியும்.

சரி, திரும்பக் கட்டணும்னு முடிவு பண்ணியாச்சு

கம்பி ஒண்ணைக் கூட தொடுறதுக்கு முன்னாடி ப்ரீவீல கழட்டுங்க. கம்பி போனதுக்கப்புறம் வெறும் ஹப்புல இருந்து ப்ரீவீல கழட்ட பிடி கிடைக்காது. அப்புறம் நாலு பக்கத்துல இருந்தும் போட்டோ எடுத்துக்குங்க.

பழைய கம்பி நீளம் சரியா இருந்துச்சுன்னா (நிப்பிள் காடிக்கு அடி வரைக்கும் கம்பி முனை வந்திருந்தா) அதையே அளந்து வாங்குங்க, வளைவோட உள்பக்கத்துல இருந்து மரை முனை வரைக்கும் அளக்கணும். ஹப்போ ரிம்மோ மாத்துறீங்கன்னா கணக்கு போடணும், கஷ்டம் இல்ல. ரிம்முல எதிரெதிர் நிப்பிள் காடிக்கு நடுவுல இருக்குற விட்டத்துல பாதி ஒண்ணு, ஹப்பு ஓட்டை வட்டத்தோட ஆரம் ரெண்டு, ஹப்பு நடுவுல இருந்து தட்டு வரைக்கும் தூரம் மூணு. இந்த மூணு அளவோட வர்க்கத்தையும் கூட்டுங்க, முதல் ரெண்டையும் பெருக்கி, ரெண்டாலயும் கோணத்தோட கோசைனாலயும் பெருக்கி அதுல இருந்து கழிங்க, வர்க்கமூலம் எடுங்க, கடைசில கம்பி நுழையுற ஒரு சின்ன ஓட்டையோட ஆரத்த கழிங்க. கோணம் எப்படின்னா 720ஐ எத்தனை தாண்டலோ (ஒரு கம்பி ரிம்முக்கு போறதுக்குள்ள அதே பக்கத்துல எத்தனை கம்பிய தாண்டுதோ) அதால பெருக்கி மொத்தக் கம்பியால வகுக்கணும், 36 கம்பி மூணு தாண்டல்னா 60 டிகிரி. உதாரணத்துக்கு 300, 22.5, 35ன்னு வெச்சா 291.5 வரும், ஓட்டை ஆரம் 1.2 போக 290 மில்லி கம்பி. பின்வீலுக்கு ரெண்டு பக்கமும் தனித்தனியா போடணும், கியர் வண்டில வலப்பக்கம் ஒண்ணு ரெண்டு மில்லி கொறைவா வரும்.

கம்பி எவர்சில்வரா பாத்து வாங்குங்க, 14 கேஜ், அதாவது 2 மில்லி. நம்ம ஊரு ஸ்டீல் பிளாண்ட் ஊரு, பாத்திரக் கடைல காந்தம் வெச்சுப் பாக்குறது எல்லாருக்கும் பழக்கம், ஆனா கம்பிக்கு அந்த சோதனை சரியா வராது. 304 தரமே கம்பியா இழுக்கும்போது லேசா காந்தத்துல ஒட்டும். ஒட்டுதுன்னு நல்ல கம்பிய திருப்பிக் கொடுத்துராதீங்க.

மாட்டுறது: ரிம்முல ஓட்டைகள் ஒண்ணு வலம் ஒண்ணு இடமா லேசா ஒதுங்கி இருக்கும், வலப்பக்க கம்பி வலம் ஒதுங்கின ஓட்டைக்கு தான் போகணும். வால்வு ஓட்டைக்கு பக்கத்துல வலப்பக்கம் முதல் கம்பிய போடுங்க, அப்புறம் ஹப்புல ஒண்ணு விட்டு ஒண்ணு, ரிம்முல நாலுக்கு ஒண்ணு, 36 கம்பின்னா 9 கம்பி. மறுபக்கம் ஹப்பு ஓட்டைகள் நேரா இருக்காது, நடுவுல தள்ளி இருக்கும், ஒரு கம்பிய நேரா விட்டுப் பாத்தா தெரியும், அங்க அடுத்த 9. இப்ப ஹப்ப ஒரு பக்கம் சுத்தி விட்டா எல்லாம் சாயும், மிச்சக் கம்பிகள எதிர்ப்பக்கம் சாச்சு, ரெண்ட ஒரு பக்கமா தாண்டி மூணாவதுக்கு மறுபக்கமா கொடுத்து மாட்டுங்க. வால்வுக்கு ரெண்டு பக்கமும் இருக்குற கம்பிகள் இணையா போகணும், இல்லைன்னா பம்ப் மவுத்து உள்ள போகாது. அப்படி வரலைன்னா ஒரு ஓட்டை தள்ளி ஆரம்பிச்சிருக்கீங்க, இப்பவே பிரிச்சுருங்க.

மரைல ஒரு சொட்டு ஆயில் விட்டு, எல்லா நிப்பிளையும் மரை மறையுற அளவுக்கு ஒண்ணா கொண்டு வாங்க. அங்க இருந்து எல்லாத்துக்கும் ஒரு சுத்து, அப்புறம் அரை அரை சுத்து. வளைவு இடத்துல கட்டை விரலால அழுத்தி கம்பிய ஹப்பு தட்டுல படிய வைங்க. மேல கீழ, பக்கவாட்டு, நடுவு, இந்த மூணையும் மாத்தி மாத்தி பாத்துட்டே வரணும். நடுவு பாக்க டூல் வேணாம், வீல ஃபோர்க்குல திருப்பி மாட்டுங்க, ரிம்முக்கும் ஃபோர்க்குக்கும் இடைவெளி ரெண்டு தடவையும் ஒண்ணா இருந்தா நடுவுல இருக்கு. பின்வீலயும் செயின் இல்லாம அப்படியே திருப்பி மாட்டிப் பாக்கலாம். இழுவை போதுமான்னு சந்தேகம் இருந்தா இன்னும் அரை சுத்து ஏத்துங்க, அமுக்கினதும் வீல் அலை மாதிரி நெளிஞ்சா அது அளவுக்கு மேல, எல்லாத்தையும் அரை சுத்து எறக்குங்க.

கட்டின வீல நேரா மலைக்கு கொண்டு போகாதீங்க. கன்னங்குறிச்சி மூக்கனேரி பக்கம் சமமான ரோட்டுல ஒரு வாரம் ஓட்டிட்டு திரும்ப சுருதி பாருங்க, ஒண்ணு ரெண்டு எறங்கியிருக்கும், சரி பண்ணுங்க. முன்வீலுக்கு ரெண்டு, பின்வீல் வலம் ரெண்டு, இடம் ரெண்டு கம்பிய நிப்பிளோட செயின் ஸ்டேல (பெடல் பக்கத்துல இருந்து பின்வீலுக்கு போற ஃபிரேம் குழாய்) டேப் போட்டு ஒட்டி வைங்க, நீளம் மாறாம இருக்க எது எந்தப் பக்கம்னு டேப் மேலயே எழுதி, சாவிய சீட்டுப் பைல போட்டுக்குங்க.